புல்லறுக்கும் தர்மம்

உயிர்களை அறிவின் அளவால் வகுத்துரைத்த தொல்காப்பிய மரபியல், தொட்டுணர்ச்சி ஒன்றால் மட்டுமே உலகத்தை அறியும் ஓரறிவுயிர் என்னும் முதற்படியில் புல்லையும் மரத்தையும் வைத்தது. சமண நூல்களும் தாவரங்களை ஏகேந்திரிய ஜீவன்கள் என்றே கணக்கிட்டன. இவற்றையெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே படித்து, ஜீவகாருண்யத்தைப் பற்றி மேடைகளில் பேசியும் கேட்டும் பழகிய நாம், வீட்டு முன்புறத்தில் ஒரு சிறு புல்தரையை வளர்த்து, அதை அடிக்கடி வெட்டிச் சமன்செய்ய இயந்திரம் ஒன்று வாங்கக் கடைக்குப் போகும்பொழுது மட்டும், பெட்ரோலா மின்சாரமா, விலை என்ன, எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டதோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறோம். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஓர் உயிரை நம் கண்ணின் இன்பத்துக்காக ஓயாமல் காயப்படுத்தும் காரியத்தை விட்டுவிட மனமில்லாத ஒருவன், எந்தக் கருவியைக் கொண்டு எந்த விதமாய் அதைச் செய்தால் அவனுடைய அஹிம்சை வெறும் வாய்ப்பேச்சாகாமல் இருக்கும்? புல்லுக்காக இவ்வளவு விசாரமா என்று சிலர் வியக்கலாம். பெரிய ஹிம்சைகளில் நம்மில் பலருக்குப் பங்கெடுக்கும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லையாதலால், நம் கொள்கைக்கு உண்மையான பரீட்சை இத்தகைய சிறு காரியங்களில்தான் நிகழ்கிறது என்பது என் எண்ணம்.

புல்லின் இயல்பைப் பற்றித் தாவர நூலார் சொல்வதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். பெரும்பாலான செடிகளுக்கு வளரும் முனை உச்சியில் இருக்கிறது. உச்சியைக் கிள்ளினால் அச்செடி வளரும் போக்கே மாறிவிடும். புல்லுக்கோ அந்த வளர்முனை தரையை ஒட்டி, இலையுறைகளுக்குள் மறைந்து கிடக்கிறது. ஆகையால் மேலே நீண்ட இலையை மாடு மேய்ந்தாலும், அரிவாள் அறுத்தாலும், சுழலும் கத்தி சீவினாலும், அடியிலிருந்து இலை மறுபடியும் தள்ளப்பட்டு மேலெழுகிறது. மேயும் பிராணிகளோடு யுகயுகமாய்ச் சேர்ந்து வாழ்ந்து, இழந்தபின் மீள்வதையே தன் வாழ்க்கை முறையாக்கிக்கொண்ட ஜாதி அது. எனவே புல்லை வெட்டுகிறவன் அதைக் கொல்லவில்லை என்று ஒரு சமாதானம் நமக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. அந்தச் சமாதானத்தில் உண்மை உண்டு. ஆயினும், வெட்டிய புல்லிலிருந்து எழுந்து நம் மனத்தைக் குளிர்விக்கும் அந்தப் பசிய மணம் எங்கிருந்து வருகிறதென்று விசாரித்தால், இலையின் உயிரணுக்கள் கிழிந்த மாத்திரத்தில் அவற்றின் சவ்விலுள்ள கொழுப்பு உடைந்து, ஆறு கரியணுக்களைக் கொண்ட ஆல்டிஹைடு, ஆல்கஹால் வகை ஆவிகளாய் வெளிப்படுவதே அம்மணம் என்று ரசாயன நூல் விடை சொல்லுகிறது. பல செடிகளில், இலையைப் புழு கடிக்கும்போது எழும் இவ்வாவி அந்தப் புழுவுக்குப் பகையான குளவிகளை வரவழைப்பதையும், அண்டையிலுள்ள செடிகள் அதை உணர்ந்து தற்காப்புக்கு ஆயத்தமாவதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். நரம்பும் மூளையுமில்லாத புல்லுக்கு நம்மைப் போன்ற வேதனை உண்டென்று இதனால் நிரூபணமாகிவிடாது. அவ்வளவு தூரம் போக நான் துணியமாட்டேன். ஆனால் தனக்கு நேர்ந்த காயத்தை அறிந்து அதற்கு விடையளிக்கும் ஓர் உயிரை நாம் கையாளுகிறோம் என்பதும், நாம் மூச்சிழுத்து மகிழும் நறுமணம் அதன் காயத்திலிருந்து பிறந்தது என்பதும் தெரிந்த பின்னர், வெட்டுவது ஒன்றுமில்லாத காரியம் என்று ஒதுக்குவதற்கு மனம் இடந்தருவதில்லை.

மேலும் புல்தரையில் புல் மட்டும் வாழவில்லை. தத்துக்கிளியும் சிலந்தியும், ஈரத்துக்கு ஒதுங்கிய சிறு தவளையும், வெயில் காய வந்த அரணையும், மழைக்குப் பின் மண்ணின் மேல் ஊர்ந்துவரும் புழுவும் அங்கே குடியிருக்கின்றன; நாம் ஓட்டும் கத்தியோ நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3000 முறை சுழல்கிறது. வெட்டி முடித்த இயந்திரத்தைச் சாய்த்து அதன் அடிப்பாகத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வளைந்த தகடெங்கும் பச்சைச் சாறு ஊறிய கூழ் விரற்கனத்துக்கு அப்பியிருக்கும், மரச்சில்லால் அதைச் சுரண்டும்போது தத்துக்கிளியின் முறிந்த பின்னங்காலோ நத்தையோட்டின் துண்டோ அகப்படுவது அபூர்வமன்று.

காஞ்சியோடு சம்பந்தப்படுத்திப் பேசப்படும் சமண ஆசாரியர் சமந்தபத்திரர், இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தை விளக்கும் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றிச் செய்யும் தீங்குகளை ஒரு தனி வகுப்பாக்கிக் கண்டிக்கிறார். தமிழில் அருங்கலச்செப்பு என்னும் நூல் அதனை அடியொற்றி எழுந்தது. காரணமின்றி மண்ணைத் தோண்டுவது, நீரைக் கொட்டுவது, நெருப்பை மூட்டுவது ஆகியவற்றோடு, பலனில்லாமல் தாவரங்களை வெட்டுவதையும் அஜாக்கிரதையான நடத்தை என்று அவர் பெயரிட்டுக் கூறுகிறார். இதில் என்னைக் கவர்வது அவருடைய நிதானம். தாவரத்தையே வெட்டாதே என்று அவர் சம்சாரியிடம் சொல்லவில்லை. அது துறவிக்குரிய விரதம். சம்சாரியின் ஹிம்சையைச் சங்கல்பித்துச் செய்வது, வீட்டுக் காரியங்களால் நேர்வது, தொழிலால் நேர்வது, தற்காப்பில் நேர்வது எனச் சமணர் நான்காகப் பிரித்து, முதலாவதை முற்றும் விலக்கி, ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அளவுகோலைக் கையிலெடுத்து நம் புல்தரையின் அருகில் நின்றால், இயந்திரம் எது என்னும் கேள்விக்கு முன்பாக, இந்தப் புல்தரையால் யாருக்கு என்ன பலன் என்னும் கேள்வி எழுந்து நிற்கிறது.

நீலகிரியில் வசிப்பவனுக்கு இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1848-ஆம் ஆண்டில் மக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவின் சரிவான புல்தரைகளில், மே மாதத்து மலர்க்காட்சிக்கு வரும் குடும்பங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்காருவதையும், சமவெளியின் வெயிலை மட்டுமே அறிந்த குழந்தைகள் அந்தக் குளிர்ந்த பசுமையின் மேல் உருண்டு விளையாடுவதையும் பார்க்கிறவன், அங்கே வெட்டப்படும் புல் பலனின்றி வெட்டப்படுகிறதென்று சொல்லத் துணியமாட்டான். ஆனால் அதே மலையில், புல்லை மிதிக்கக்கூடாதென்று பலகை நட்டு, வீட்டுக்காரரும் கால் வைக்காமல் ஜன்னலின் வழியே பார்ப்பதற்கென்றே பராமரிக்கப்படும் தரைகளும் இருக்கின்றன. இத்தனைக்கும் இந்த மலை, தோதவரின் எருமைகள் மேய்ந்த இயற்கையான புல்வெளியும் சோலையும் கலந்து கிடந்த மலை. அந்தப் பழைய புல்வெளியின் பெரும்பகுதி சீகை மரத்துக்கும் தைல மரத்துக்கும் தேயிலைக்கும் இடங்கொடுத்து மறைந்துவிட, நாம் பங்களா முற்றத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிகூயுப் புல்லைப் பரப்பிச் சீவிக்கொண்டிருக்கிறோம். குன்னூர்ப் பக்கத்தில் சில வீடுகளின் புல்தரையில் காட்டெருமைகள் விடியற்காலையில் இறங்கி வந்து மேய்ந்துவிட்டுப் போகின்றன. அவை வந்துபோன வீட்டில் அந்த வாரம் இயந்திரத்துக்கு ஓய்வு கொடுத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. வாழ்வதற்கும் உட்காருவதற்கும் விளையாடுவதற்கும் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவை மட்டும் வெட்டி, எஞ்சியதை அதன் போக்கில் வளரவிடுவதே இவ்விஷயத்தில் முதல் அஹிம்சை. இதை முடிவு செய்யாமல் இயந்திரம் வாங்கப் போவது முறையன்று.

இயந்திரத்தின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் குளஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் எழும் மயிரைச் சீவிச் சமன்செய்ய ஆலைகளில் பயன்பட்ட உருளைக் கத்தியைக் கண்டு, அதையே புல்லுக்கு மாற்றியமைத்து 1830-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை பெரிய மாளிகைகளின் புல்தரையை, பனி உலர்வதற்கு முன் வரிசையாய் நின்று நீள அரிவாளை வீசும் கூலியாட்களே வெட்டிவந்தார்கள். பிறகு பெரிய இயந்திரங்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பின் தடம் தரையில் பதியாதிருக்க அக்குதிரைகளின் கால்களில் தோற்காலணி கட்டினார்கள். ஆக்ராவில் தாஜ்மகாலின் தோட்டத்தில் காளைகள் இழுத்த புல்வெட்டி வெகுகாலம் ஓடியது. 1902-இல் ரான்சம்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி பெட்ரோல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மாட்டின் கழுத்திலிருந்தும் குதிரையின் காலிலிருந்தும் ஒரு பாரம் இறங்கிற்று. இன்று புகையென்றும் இரைச்சலென்றும் நாம் பழிக்கும் எஞ்சின், அன்று ஒரு வகையில் ஜீவகாருண்யத்தின் கருவியாக வந்தது. ஒரு தலைமுறையின் கருணை அடுத்த தலைமுறைக்குக் கொடுமையாகத் தோன்றக்கூடும் என்பதை மறவாதவன், தன் காலத்துக் கருவியைப் பற்றிக் கர்வங்கொள்ளமாட்டான்.

இனிப் பெட்ரோலா மின்சாரமா என்னும் பிரச்னைக்கு வருவோம். பெட்ரோல் இயந்திரம் தன் குற்றத்தை ஒளிப்பதில்லை. கயிற்றை இழுத்து முடுக்கிய கணத்திலிருந்து அதன் ஓசை தெருவெங்கும் கேட்கிறது. அதைத் தள்ளுகிறவனுடைய காதில் அவ்வோசை 90 டெசிபலை எட்டுகிறது. புகை அவன் மூக்கிலேயே ஏறுகிறது. மூடிய கொட்டகைக்குள் ஓட விட்டால் கரியின் நச்சுவாயு ஆளையே மாய்த்துவிடும். வாகனங்களில் உள்ளதுபோல் புகையைச் சுத்திகரிக்கும் சாதனம் இச்சிறு எஞ்சின்களில் பெரும்பாலும் கிடையாது. இதைக் கருதியே கலிபோர்னியா மாநிலம் 2021-இல் சட்டமியற்றி, 2024 முதல் புதிதாய் விற்பனைக்கு வரும் இத்தகைய எஞ்சின்களுக்குத் தடை விதிக்கும் வழியில் சென்றது. மின்சார இயந்திரமோ புகை கக்குவதில்லை, அதிகம் இரைவதில்லை, விசையை அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. ஐந்து சென்டுக்கு உட்பட்ட சமதரையாயின் அதுவே போதும் என்பதும், வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் அதுவே தகும் என்பதும் என் அபிப்பிராயம். பரந்த நிலத்துக்கும், மேடுபள்ளமான சரிவுக்கும், மழைக்காலத்தில் முரட்டுத்தனமாய் மண்டும் கிகூயுப் புல்லுக்கும் பெட்ரோல் எஞ்சினின் வலிமை இன்றும் தேவைப்படுகிறது.

ஆனால் புகை கண்ணுக்குத் தெரியாமற் போனதால் தீங்கும் இல்லாமற் போயிற்றென்று நம்புவதுதான் மின்சாரத்தில் உள்ள ஆபத்து. நெய்வேலியில் நிலத்தைத் தோண்டியெடுத்த பழுப்பு நிலக்கரி எரிந்துதான் நம் மாநிலத்தின் மின்கம்பிகளில் ஒரு பங்கு ஓடுகிறது. அந்தச் சுரங்கங்களுக்காக ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் உண்டு. எங்கள் மலையிலேயே நீர்மின்சாரம் கிடைக்கிறதே, அதில் புகையேது என்றால், குந்தாத் திட்டத்திற்காக அவலாஞ்சியிலும் எமரால்டிலும் மேல்பவானியிலும் அணை கட்டித் தேக்கிய நீர், மலையின் பள்ளத்தாக்குகளைத் தன்னுள் ஆழ்த்திக்கொண்டே தேங்கிற்று. வீட்டு முற்றத்துப் புல்லை ஓசையில்லாமல் வெட்டுவதற்கு, யாரும் வெட்டாமல் தானே வளர்ந்து தானே உலர்ந்து கொண்டிருந்த புல்வெளியில் ஒரு பகுதி நீருக்கடியில் போயிருக்கிறது. பாட்டரியின் லித்தியமோ, சிலி நாட்டு அட்டகாமாப் பாலைவனத்தில், அரிதினும் அரிதான நிலத்தடி உப்புநீரை இறைத்து வெயிலில் ஆவியாக்கி எடுக்கப்படுகிறது. இதனால் மின்சாரம் பெட்ரோலைவிடத் தீயது என்று நான் சொல்லவில்லை. மொத்தத்தில் தீங்கு குறைந்தது மின்சாரமே என்றும், வாங்கத்தக்கது பெரும்பாலோர்க்கு அதுவே என்றும் எண்ணுகிறேன். ஆயினும், பெட்ரோலைத் தள்ளுகிறவன் தன் செய்கையின் விலையைத் தன் காதாலும் மூக்காலும் அன்றன்றே உணர்கிறான். மின்சாரத்தைத் தள்ளுகிறவன் அதைத் தன் புத்தியால் வரவழைத்துத்தான் உணரவேண்டியிருக்கிறது. இந்திரியங்கள் செய்துவந்த எச்சரிக்கையை இனி மனச்சாட்சியே செய்ய வேண்டும். அதற்குத் தயாராயில்லாதவன் கையில் அமைதியான இயந்திரம் மறதியை வளர்க்கும்.

இந்த இடத்தில் மனுஸ்மிருதியில் வரும் ஒரு கருத்தை நினைவுகூர்வது பொருந்தும். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் கிருஹஸ்தனுடைய வீட்டிலுள்ள கொலைக்களங்கள் என்று அது சொல்லுகிறது. இவற்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் நுண்ணுயிர்கள் மடிகின்றன என்பது கருத்து. அந்நூல் கூறும் எத்தனையோ விஷயங்களை நாம் ஏற்பதற்கில்லை. இந்த ஒன்றில் அது கண்ட உண்மையை மறுப்பதற்கும் இல்லை. அம்மியை உடைத்தெறியும்படி அது சொல்லவில்லை. துடைப்பத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு நாளும் நீ கடன்பட்டவன் என்று நினைவூட்டி, அக்கடனைத் தீர்க்க ஐந்து மகாயக்ஞங்களை நாள்தோறும் செய்யச் சொல்லுகிறது. கருவி இருக்கும்வரை கடனும் இருக்கிறது. புல்வெட்டியைப் பொறுத்தமட்டில் அக்கடனில் ஒரு பகுதியை அதைப் பராமரிப்பதிலேயே செலுத்தலாம் என்று நான் நம்புகிறேன்.

கத்தியையே எடுத்துக்கொள்வோம். கூரான கத்தி இலையை நேராகத் துணிக்கிறது. மழுங்கிய கத்தி அதைப் பிய்க்கிறது. மழுங்கிய கத்தியால் வெட்டிய தரையை மறுநாள் குனிந்து பார்த்தால், ஒவ்வோர் இலையின் நுனியும் நார்நாராய்ப் பிரிந்து வெளுத்திருக்கும். இரண்டொரு நாளில் அந்நுனிகள் பழுப்பேறி, தரை முழுவதும் ஒரு நோயின் சாயல் படரும். கிழிந்த வாயின் வழியே பூஞ்சணம் புகுவதற்கும் வசதியாகிவிடும். வெட்டுவதென்று முடிவுசெய்த பிறகு, நேரான காயமா கிழிந்த காயமா என்பது நம் கையில்தான் இருக்கிறது. கத்தியைத் தீட்டுமுன் பெட்ரோல் இயந்திரமாயின் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்ற வேண்டும், பாட்டரி இயந்திரமாயின் பாட்டரியையே எடுத்துவிட வேண்டும்; தீட்டியபின் கத்தியின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டி, இரு பக்கமும் சமமாய் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சிறிது அராவ வேண்டும். இல்லையேல் இயந்திரம் முழுவதும் அதிர்ந்து, அதைத் தள்ளும் கையின் நரம்புகளுக்குத் துன்பம் செய்யும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டலாகாது என்பது தோட்டக்காரர்களின் பழைய விதி; அதை மீறினால் வேர் தளர்ந்துபோகும். வெட்டிய துணுக்குகள் சிறியவையாயின் அவற்றை வாரிக் குப்பையில் எறியாமல் தரையிலேயே விட்டுவிட்டால், அவை மக்கி, எடுத்த சத்தில் ஒரு பகுதியை வேருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன.

பெட்ரோல் இயந்திரத்துக்கு வேறு சில பணிவிடைகளும் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு முறையும் ஆயில் அளவைப் பார்த்தே முடுக்க வேண்டும். புதிய எஞ்சினில் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே ஆயிலை மாற்றி, பிறகு பருவத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ செடிக்கடியிலோ ஊற்றுவது, செய்த உபசாரம் முழுவதையும் அழித்துவிடும். ஏர் ஃபில்டரில் தூசி அடைந்தால் எஞ்சின் மூச்சுத்திணறி அதிகப் பெட்ரோலைக் குடித்துக் கரும்புகை விடும். அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேற்புறமாய் இருக்கும்படியே சாய்க்க வேண்டும். இல்லையேல் ஆயில் கார்புரேட்டருக்குள் புகுந்துவிடும். எத்தனால் கலந்த இக்காலத்துப் பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது; நெடுநாள் டாங்கில் கிடந்தால் கெட்டுப்போய்ப் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்கைக் காலிசெய்து வைப்பதே உத்தமம். பாட்டரியை நெடுநாள் வைப்பதானால் முழுதும் ஏற்றியோ முழுதும் இறக்கியோ வைக்காமல், பாதியளவு மின்சாரத்தோடு குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பாட்டரி இரண்டு மடங்கு காலம் உழைத்தால், அட்டகாமாவில் இறைக்கும் நீரில் நம் பங்கு பாதியாகக் குறைகிறது. ஆயுதபூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூச்சூட்டுகிற வழக்கம் எனக்குப் பிரியமானது. அன்று அதன் கத்தியைக் கழற்றித் தீட்டி, அடியிலுள்ள அழுக்கைச் சுரண்டிவிட்டுப் பிறகு பொட்டிடுகிறவனுடைய பூஜை பூரணமானது என்றே கருதுகிறேன்.

அமெரிக்காவில் 1982 முதல் அமலில் உள்ள ஒரு விதிப்படி, நடந்து தள்ளும் புல்வெட்டியின் கைப்பிடியை விட்டதும் மூன்று வினாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும். விரல்களும் பாதங்களும் அறுபடுவதைத் தடுக்கவே அவ்விதி பிறந்ததென்றாலும், அதில் ஓர் ஆழ்ந்த தத்துவம் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது: மனிதனுடைய கை அங்கே இருக்கும்வரைதான் கத்தி சுழலலாம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் அதிஷ்டானம், கர்த்தா, கரணம், சேஷ்டை, தெய்வம் என ஐந்து காரணங்களைச் சொல்லுகிறது. கரணமாகிய கருவி எவ்வளவு வலிமையுற்றாலும் கர்த்தா அருகில் நிற்கிறான் என்பதே இதுவரை நம் ஒழுக்க நூல்கள் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரமாக இருந்தது. இப்பொழுதோ, ஆளே இல்லாமல் தானாகத் தரையைச் சுற்றிவந்து வெட்டும் பாட்டரி இயந்திரங்கள் ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு ஓடுகின்றன. அங்குள்ள முள்ளெலிகள் இரவில் இரைதேட வருபவை. ஆபத்து நெருங்கினால் ஓடாமல் சுருண்டுகொள்வதே அவற்றின் சுபாவம். நரியிடமிருந்து அவற்றைக் காத்த அச்சுபாவம், இரவில் ஓடும் இந்தக் கத்தியின் முன்னே அவற்றைக் கிடத்திவிடுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஏற்கனவே இறந்துபோன முள்ளெலிகளை வைத்துப் பலவகை இயந்திரங்களைச் சோதித்து, தொட்டபின் திரும்பாமல் மேலேறிக் காயப்படுத்துபவை அவற்றில் உண்டென்று 2021-இல் வெளியிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் சங்கல்பிக்கவில்லை, தள்ளவில்லை, காணவுமில்லை. ஆயினும் இரவில் ஓடும்படி நேரத்தைக் குறித்தது அவர்தான். கர்த்தா விலகி நின்றதனால் கர்மம் அவனை விட்டு விலகுவதில்லை என்றே நான் கொள்ளுகிறேன். பகலில், தன் கண்ணெதிரே, கையெட்டும் தூரத்தில் ஓடாத இயந்திரத்தை ஓர் அஹிம்சைவாதி தன் தோட்டத்தில் விடலாகாது.

நம் நாட்டில் இதே பிரச்னை வேறு உருவத்தில் இருக்கிறது. வசதியுள்ள வீடுகளில் இயந்திரத்தைத் தள்ளுகிறவர் வீட்டுக்காரர் அல்லர். கூலிக்கு வரும் தோட்டக்காரர். சமந்தபத்திரர் பயனற்ற தீங்குகளில் ஒன்றாக, கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு முதலிய ஹிம்சைக் கருவிகளைப் பிறர் கையில் கொடுப்பதையும் சேர்த்திருக்கிறார். மழுங்கிய கத்தியும் நைந்த வயருமுள்ள இயந்திரத்தை ஒருவரிடம் கொடுத்து, செருப்புக் காலோடு ஈரச்சரிவில் தள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்காருகிறவன், புல்லுக்கும் அந்த மனிதருக்கும் ஒருங்கே தீங்கிழைக்கிறான். மூடிய பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான், மின்சார இயந்திரமாயின் கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியவை. இவற்றுக்குப் பணம் போதாதென்றால் சிறிய இயந்திரமாக வாங்கலாம், புல்தரையையும் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

கடினமான பகுதி மழைக்காலம். பௌத்தரின் மகாவக்கம், பிக்ஷுக்கள் மழை மாதங்களிலும் ஊர்சுற்றி, பசும்புல்லை மிதித்து ஓரறிவுயிர்க்கு ஊறுசெய்து சிற்றுயிர்களை மாய்க்கிறார்கள் என்று ஜனங்கள் குறைகூறியதாகவும், அதைக் கேட்டே புத்தர் அம்மாதங்களில் அவர்கள் ஓரிடத்தில் தங்கும்படி விதித்ததாகவும் கூறுகிறது. புல்லுக்காக வாதாடியவர்கள் அந்தக் கதையில் சாதாரண ஜனங்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. துறவி நடையை நிறுத்தும் அதே மாதங்களில்தான் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை இறங்கி, புல் மிக விரைவாக வளர்ந்து, வெட்டுகிறவனுக்கு வேலை மிகுகிறது. தவளைக் குஞ்சுகளும் பூச்சிகளும் தரையில் மிகுவதும் அப்பொழுதே. சம்சாரியால் துறவியைப் போல் முற்றும் ஒதுங்க முடியாது. ஆனால் அம்மாதங்களில் கத்தியின் உயரத்தை மேல்படிக்கு ஏற்றிவிடலாம். இடைவெளியை நீட்டி, வேலியோரத்தை வெட்டாமல் விடலாம். ஈரம் உலர்ந்த பிற்பகலில், முதலில் ஒரு கோலால் புல்லைத் தட்டிக்கொண்டே நடந்து பார்த்துவிட்டுப் பிறகு இயந்திரத்தை முடுக்கலாம். வழக்கமாக ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். அப்படி வெட்டினால் புல்லுக்குள் ஒதுங்கிய பிராணிகள் நடுவிலே குவிந்து, கடைசிச் சுற்றில் ஓட வழியின்றி அகப்பட்டுக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளிநோக்கி வெட்டினால் அவை முன்னே தாவித்தாவி வேலியோரத்து வெட்டாத புல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இப்படிச் செய்தால் திருப்பங்கள் அதிகம், அரை மணி கூடுதலாகப் பிடிக்கிறது என்று தோட்டக்காரர் சொல்வது உண்மைதான். அந்த அரை மணிக்குரிய கூலியை வீட்டுக்காரர் கொடுத்துவிட வேண்டியதுதான்.